சோதனைக் கொட்டகைக்கு வந்த சம்பந்தி

பினாங்கு,
9-3-1929

சௌபாக்கியவதி குணவதிக்கு அம்மா வடிவம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும், சுங்கை பாக்காப் தோட்டத்தில் உன் அண்ணன் சுப்பையாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை திருநாவுக்கரசும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் தெரிந்தால் எனக்குப் போதும். மழைக்காலத்தில் வந்த கால் வீக்கம் வற்றிவிட்டது. சுப்பையாவுக்குக் கணக்கெழுதுகிற கிராணி வேலை நிரந்தரமாகிவிட்டது, சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருக்கிறான், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகேறி வந்து பார்த்துவிட்டுப் போகிறான். பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறான்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. நாலு வரி. என் மாமியாரை ஏன் பிடித்துக் கொடுத்தீர்கள், பெண் கொடுத்த வீட்டுக்குச் செய்கிற மரியாதை இதுதானா என்று கேட்டிருக்கிறாய். எழுத்து உன்னுடையது, வார்த்தை உன்னுடையதாக எனக்குத் தெரியவில்லை, யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினது போல இருந்தது. அதனால் இந்தப் பதிலை நான் தபாலில் போடவில்லை. நம் வீட்டுக்கு எதிரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற அப்துல் ரசாக் பாயின் தங்கை மகன் கமால் சரக்கு எடுக்க ரங்கூன் வருகிறார், உன் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். தனியாக உட்கார்ந்து படி, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூட்டியும் இல்லை குறைத்தும் இல்லை.

உன் அப்பா இறந்து இந்த வேலைக்கு நான் போனபோது உனக்குப் பத்து வயது, இப்போது பதினொரு வருஷமாகிவிட்டது. என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும் என்றாலும் அது எப்படி நடக்கிறது என்று நான் உன்னிடம் சொன்னதில்லை, சொல்லும்படியான வேலையும் இல்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும், ஆட்கள் சம்பான் படகில் ஏறிப் படித்துறைக்கு வருவார்கள், அங்கிருந்து சோதனைக் கொட்டகை. ஆண்களைச் சிப்பாய்கள் பார்ப்பார்கள், பெண்களுக்கென்று ஓரத்தில் மூங்கில் தட்டி வைத்து மறைத்திருக்கும், அதற்குப் பின்னால் நானும் கூட வேலை பார்க்கிற மலாய்க்காரி ரோஹானாவும். கொண்டை, ரவிக்கை மடிப்பு, இடுப்பு, கைக்குழந்தை சுற்றியிருக்கிற துணி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அபின், கஞ்சா, சில சமயம் கத்தி. ஒரு வருஷம் துப்பாக்கித் தோட்டாக்கள் ஊறுகாய் ஜாடியில் வந்தன. பிடிபடுகிறவர்கள் அழுவார்கள், சிலர் கடிப்பார்கள், என் இடது மணிக்கட்டில் இருக்கிற தழும்பு அடுப்பில் சுட்டதென்று உனக்குச் சொல்லியிருந்தேன், அது ஒரு பெண்ணின் பல். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரிடம் ஒன்றும் இருக்காது, போங்கம்மா என்று சொல்லி அனுப்புவதுதான் வேலை. இந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. வருகிறவள் சொந்தக்காரியாக இருந்தால் நாம் தொடக்கூடாது, மற்றவள்தான் பார்க்க வேண்டும்.

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ரங்கூன் கப்பல் வந்தது. உன் மாமியார் வருகிறார் என்று மாப்பிள்ளை முன்பே எழுதியிருந்தார், தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, பூசத்துக்கு வர முடியாமல் போனாலும் பிறகாவது வந்து முடித்துவிட்டுப் போவார் என்று. எனக்குச் சந்தோஷம்தான். கல்யாணத்துக்குப் பிறகு நானும் மீனாட்சி அம்மாளும் பார்க்கவில்லை, உன்னைப் பற்றி நேரில் கேட்கலாமே என்று இருந்தது. வேலைக்குப் போகுமுன் மீன் வாங்கிக் கழுவி வைத்துவிட்டுப் போனேன். ஒன்பது மணி இருக்கும், வரிசையில் அவர் நிற்பது தெரிந்தது. இளைத்திருந்தார். கிட்டே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் முறை வந்தபோது நான் ரோஹானாவைக் கூப்பிட்டு இவர் என் சம்பந்தி, நீ பார் என்று சொல்லிவிட்டு ஒதுங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்க இருக்கும்போது வேற ஆள் கை எதுக்கு சம்பந்தி, ஒப்புக்கு நீங்களே பாத்து விட்டுடுங்க என்றார். வயதானவர், கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். ரோஹானாவும் சரியென்று அடுத்தவளைப் பார்க்கப் போய்விட்டாள். அங்கேதான் நான் தவறினேன். சட்டப்படி ஒதுங்கி நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை.

ஒப்புக்குத்தான் கை வைத்தேன். கொண்டையைத் தொட்டேன், தோளைத் தொட்டேன், விட்டுவிடலாம் என்றுதான் மனசு, ஆனால் பதினொரு வருஷம் ஒரே வேலை செய்த கை, அது பாட்டுக்கு இடுப்புக்குப் போனது. புடவைக்கு உள்ளே ஒரு கச்சை. அதில் தட்டையாக, வரிசையாக. ஜவ்வாது அள்ளிப் பூசியிருந்தார், அதையும் மீறி அபின் வாசனை வந்தது, அதை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அது மருந்து என்றார்.  அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார், அதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"குணவதி அங்க என் வீட்டுலதான் இருக்கா. அத மனசுல வச்சுக்குங்க."

அது மிரட்டலா, கெஞ்சலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

"தெரியும் சம்பந்தி. கையத் தூக்குங்க" என்றேன்.

அவர் தூக்கினார். நான் கச்சையை அவிழ்க்கவில்லை, தட்டிக்கு வெளியே வந்து கொட்டகை அதிகாரியான துரையிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னாய் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. இதற்கு முன்னால் அந்தத் தட்டிக்குப் பின்னால் எத்தனையோ பெண்கள் என் காலைப் பிடித்திருக்கிறார்கள், புருஷன் அடித்து அனுப்பினான் என்று சொன்னவர்கள், வயிற்றில் பிள்ளையோடு நின்றவர்கள். அவர்களையெல்லாம் கொடுத்துவிட்டு இவரை மட்டும் விட்டால் அவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் வரும். அவ்வளவுதான் அப்போது தோன்றியது, உன்னை நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நினைத்துக்கொண்டேதான் போய்ச் சொன்னேன்.

கச்சையை ரோஹானா அவிழ்த்து மேசை மேல் வைத்தாள். பன்னிரண்டு பொட்டலம், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் உறை தைத்து. துரை கத்தியால் ஓர் உறையைக் கிழித்தார். அப்போதுதான் நான் தையலைப் பார்த்தேன். வரிசை முடிகிற இடத்தில் நூலை அறுப்பதற்கு முன் குறுக்கே இரண்டு தையல் போட்டுச் சின்னச் சிலுவை மாதிரி முடித்திருந்தது. பன்னிரண்டு உறைக்கும் பன்னிரண்டு. கான்வென்ட்டில் அந்த வெள்ளைக்காரச் சிஸ்டர் உனக்குச் சொல்லிக் கொடுத்தது அது, உன் அண்ணன் சட்டைக்கெல்லாம் நீ அப்படித்தான் பித்தான் வைப்பாய், இந்தத் தெருவில் வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார், சம்பந்தி என்பதால் வருத்தப்படுகிறேன் என்று அவர் எண்ணம். தையலை முதலிலேயே பார்த்திருந்தால் நான் வெளியே போய்ச் சொல்லியிருப்பேனா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பதில் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருகிறது.

சட்டத்தை மீறிச் சொந்தக்காரியைத் தொட்டதற்கு எனக்குத் திட்டு கிடைத்தது, புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், வேலை போகவில்லை. ரோஹானா மட்டும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, "அக்கா, என்கிட்ட விட்டிருந்தா உங்க மனசுக்கு லேசா இருந்திருக்கும் லா" என்றாள். உண்மைதான்.

உன் மாமியாரைப் போலீசில் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை ரசாக் பாய் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டு வந்தார். நான் கேட்டதற்காகச் செய்தார், எங்கே தங்க வைப்பீர்கள் என்று கேட்டார், என் வீட்டில்தான் என்றேன், அவர் சரி என்று போய்விட்டார். கேஸ் நடக்கிற வரைக்கும் பத்து நாள் அவர் நம் வீட்டில் இருந்தார் குணவதி. இதை மாப்பிள்ளை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கே தெரியுமோ என்னமோ. நான் காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன், திரும்பி வரும்போது அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார், சோறு பாதி குறைந்திருக்கும்.  பக்கத்து வீட்டு முனுசாமி பெண்சாதி எட்டிப் பார்த்து, பிடிச்சும் குடுத்து சோறும் போடுறீங்களே, இது என்ன நியாயம் என்று கேட்டாள். எனக்கும் நியாயம் தெரியவில்லை, பசி தெரிந்தது, போட்டேன். சுப்பையா ஞாயிற்றுக்கிழமை வந்து அவரைக் கண்டதும் வாசலோடு திரும்பிப் போய்விட்டான்.

மூன்றாவது நாள் நான் வேலை விட்டு வந்தபோது அவர் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார், கண் அவ்வளவு மங்கிவிட்டது. நான் முறத்தை வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் நான் கேட்டேன், தைத்தது குணவதிதானே என்று. அவர் மறைக்கவில்லை. மில்லில் ஆட்களைக் குறைத்ததில் மாப்பிள்ளைக்கு வேலை போனதையும் (நீ அதை எனக்கு எழுதவில்லை), அதற்கப்புறம் துறைமுகத்துப் பக்கம் யாரோ ஒருவனோடு பழக்கமானதையும், அவன் ஒரே ஒரு முறை பினாங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்று சொன்னதையும் வரிசையாகச் சொன்னார். பெண்களைச் சோதிக்கிற இடத்தில் சம்பந்தியே இருக்கிறார், அவர் வீட்டு ஆளை எப்படிப் பிடிப்பார் என்று பேசித்தான் உன் மாமியாரை அனுப்பியிருக்கிறார்கள். அதாவது என்னை நம்பித்தான் இந்த ஏற்பாடு. என் வேலை என்னவென்று நீ பெருமையாக மாப்பிள்ளையிடம் சொன்னது இப்படிப் பயன்பட்டிருக்கிறது. இதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை, தாயைப் பற்றிப் பெண் பேசுவாள்தான்.

பிறகு அவர் சொன்னது இது. இதை இரண்டு தரம் படி.

"அவ தைக்கமாட்டேன்னுதான் சொன்னா. ஊசியத் தூக்கி எறிஞ்சா. நான்தான் சாப்பிடாம ரெண்டு நாளு படுத்துக்கிட்டேன். அப்புறம் தச்சா."

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத வேண்டாம். ஆனால் நீ ஊசியை எறிந்தாய் என்று கேட்டபோது அந்தத் தையலைப் பார்த்ததிலிருந்து நெஞ்சில் நின்ற ஒன்று இறங்கியது, அதையும் எழுதிவிடுகிறேன். உள்ளே திரும்பி வந்து அரிசியை நானே பொறுக்கி உலை வைத்தேன்.

பிப்ரவரி பதினான்காம் தேதி கோர்ட். என்னைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கி எங்கே கண்டாய், எப்படிக் கண்டாய் என்று கேட்டார்கள், சொன்னேன். அப்புறம் அவர் முறை. யார் கொடுத்தது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ரங்கூன் படித்துறையில் ஒரு ஆள், பெயர் தெரியாது, முகமும் சரியாகப் பார்க்கவில்லை என்றார். கச்சையைத் தூக்கிக் காட்டி இதை யார் தைத்தது, வீட்டில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"நானேதான் தச்சேன். எங்க வீட்டுல வேற யாருக்கும் ஊசி புடிக்கத் தெரியாது" என்றார்.

யாராவது ஓர் ஊசியையும் நூலையும் அவர் கையில் கொடுத்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஒருவரும் கொடுக்கவில்லை. என்னைத் திரும்பவும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்காமல் விட்டார்கள், நானாகவும் எழுந்து சொல்லவில்லை. உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அந்த இடத்தில் வரவில்லை. நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள், தெரிந்ததை மறைத்தது இந்தப் பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, அதை நானே சுமந்துகொள்கிறேன், உன்னைச் சுமக்கச் சொல்லவில்லை. வயதையும் முதல் தடவை என்பதையும் பார்த்து ஆறு வாரம் ஜெயில் போட்டார்கள்.

புதன்கிழமைதோறும் பார்க்க விடுகிறார்கள், மூன்று தடவை போய்வந்தேன். பெண்கள் பக்கம் தனியாக இருக்கிறது, நார் பிரிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், கண் தெரியாததால் கை தடவித்தான் செய்கிறார், காவல் பார்க்கிற மேட்ரன் அம்மாள் கொஞ்சம் பார்த்து நடத்துகிறார். ரங்கூனிலிருந்து கடிதம் வந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். உன் நாலு வரியை நான் அவருக்குச் சொல்லவில்லை. மகன் ஒரு வரி எழுதவில்லை என்பதையும் சொல்லவில்லை, கேட்டபோது கப்பல் தாமதம் என்று சொல்லி வைத்தேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நீ செய்தது தப்பு, பயந்து செய்தாலும் தப்புதான், அதற்கு மேல் இதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை, நீயும் விளக்கம் எழுத வேண்டாம். இன்னொரு முறை அப்படி ஒரு துணியை உன் மடியில் கொண்டுவந்து போட்டால், யார் பட்டினி கிடந்தாலும் சரி, எழுந்து வந்துவிடு. தட்டுமுட்டுச் சாமான் ஒன்றும் எடுக்க வேண்டாம். கமால் தங்கியிருக்கிற கடை விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன், அங்கே சொல்லிவிட்டால் டிக்கெட்டுக்கு அவர்கள் ஏற்பாடு செய்வார்கள், ரசாக் பாய் பேசி வைத்திருக்கிறார். சுப்பையாவும் கோபக்காரனே ஒழிய உன்னை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். மாப்பிள்ளைக்கு நான் தனியாக ஒன்றும் எழுதவில்லை. அவர் வேறு மில்லில் வேலை தேடிக்கொண்டால் நல்லது, எனக்கு அவர் மேல் இருக்கிற எண்ணத்தை அவரிடம் சொல்லி உன்னை இடையில் நிறுத்த நான் விரும்பவில்லை.

உன் மாமியாரை இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி விடுகிறார்கள், மாதக் கடைசிக் கப்பலில் நானே ஏற்றி விடுகிறேன். ஏப்ரல் முதல் வாரம் ரங்கூன் வந்து சேருவார். கப்பல் என்று வருகிறது என்று விசாரித்துக்கொண்டு படித்துறைக்கு நீ போ. மாப்பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் நீ போ. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, என் பெண்ணைப் பட்டினி கிடந்து பணிய வைத்தவர், அது எனக்கு ஆறாது. ஆனால் கோர்ட்டில் அத்தனை பேர் பார்க்க உன் தையலைத் தன் தையல் என்று சொன்னவரும் அவர்தான். அவருக்கு இப்போது படி இறங்கக் கண் தெரியாது. சம்பானிலிருந்து அவர் காலை எடுத்து வைக்கும்போது பிடிக்கிற கை உன் கையாக இருக்க வேண்டும். வாங்க அத்தை என்று சொல், வேறு ஒன்றும் கேட்காதே.

எல்லா நலமும் பெற்று நீ நெடுங்காலம் வாழ அம்பாள் துணை இருப்பாள். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. பதில் எழுதினால் கமால் கையிலேயே கொடுத்தனுப்பு, நாலு வரியானாலும் உன் வார்த்தையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வடிவம்மாள்